மெஷின் புதுசு, மரம் புதுசு... வெட்டு மட்டும் ஏன் பிசிறு? மைட்டர் சா பிளேடு வாங்கும் முன் இதைப் படிங்க!

‘பிளேடு’ என்ற வார்த்தைக்கு நம்ம ஊரில் ஏற்கெனவே இரண்டு அர்த்தம் உண்டு. ஒன்று ஷேவ் பண்ண. இன்னொன்று, திங்கட்கிழமை காலை ரிவ்யூ மீட்டிங்கில் போடப்படுவது. இங்கே பேசப்போவது மூன்றாவது வகை. பத்து இன்ச் வட்டம், விளிம்பு முழுக்கப் பல், நடுவில் ஒரு ஓட்டை. புது ஃபிளாட்டுக்கு இன்டீரியர் வேலை செய்கிறவர்களும், வார இறுதியில் பால்கனியில் மரவேலை பழகுகிறவர்களும் கடைசியாக யோசிக்கிற பொருள் இதுதான். முதலில் யோசிக்க வேண்டிய பொருளும் இதுதான்.

கதவு நிலைக்கு பீடிங், சுவரோரம் ஸ்கர்ட்டிங், டிவிக்குப் பின்னால் வரிசையா மரப்பட்டைகள், போட்டோ ஃப்ரேம்... இதெல்லாம் மூலையில் சேர்கிற இடத்தைக் கிட்டப் போய்ப் பாருங்க. முடி அளவு இடைவெளி இருக்கும். விளிம்பில் எலி கடிச்ச மாதிரி பிசிறு இருக்கும். “கார்பென்டர் சரியில்ல” என்று வீட்டுக்காரர் சொல்வார். “மெஷின் பழசு சார்” என்று கார்பென்டர் சொல்வார். அப்புறம் பட்டி வைத்து, அதே கலரில் டச்-அப் பண்ணி மூடிவிடுவார்கள். பிளேடைக் கழற்றிப் பார்ப்பதில்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுத்தமான வெட்டு வேண்டுமென்றால், மெஷினுக்குக் கூடுதலா ஐயாயிரம் போடுவதைவிட பிளேடுக்குக் கூடுதலா ஆயிரம் போடுவது புத்திசாலித்தனம். வேலை கொடுக்கிறவர் நீங்கள் என்றால், அந்த ஆயிரம் உங்கள் பாக்கெட்டிலிருந்து வர வேண்டும், கார்பென்டர் பாக்கெட்டிலிருந்து அல்ல. இந்த இரண்டாவது பாதிதான் சண்டைக்குரியது. அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் பிளேடு.

மைட்டர் சா... ஒரு நிமிட அறிமுகம்

மேஜை மேல் நிற்கும் மெஷின். மேலே மோட்டாரும் வட்ட பிளேடும், கீழே சுழலும் தட்டு. தட்டை 45 டிகிரிக்குத் திருப்பி, கைப்பிடியை அழுத்தி பிளேடை இறக்கினால் கோண வெட்டு ரெடி. பீடிங், ஃப்ரேம், ஸ்கர்ட்டிங், அலுமினிய சட்டம் மாதிரி நீளமான, அகலம் குறைந்த பொருட்களுக்கானது இது. 8-க்கு 4 பிளைவுட் ஷீட்டை இதில் வெட்ட முடியாது. அதிலிருந்து கிழித்தெடுத்த பட்டைகளை அளவுக்கு வெட்டலாம்.

கோணம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சின்ன கணக்கு. ஒரு போட்டோ ஃப்ரேமுக்கு நாலு சட்டம், எட்டு வெட்டு. ஒவ்வொரு வெட்டிலும் அரை டிகிரி, அதே பக்கமாகத் தப்பினால், மூன்று மூலைகளை இறுக்கி ஒட்டிய பிறகு நாலாவது மூலையில் 4 டிகிரி வாய் பிளந்து நிற்கும். மெஷினில் 45 என்று சரியாகவே வைத்திருப்பீர்கள். ஆனால் மழுங்கிய பிளேடு மரத்துக்குள் இறங்கும்போது லேசா ஒரு பக்கம் வளையும். அந்த அரை டிகிரி பல சமயம் அங்கிருந்துதான் வருகிறது.

நொடிக்கு 3,200 கடி

வெட்டு எப்படி நடக்கிறது என்று புரிந்துவிட்டால், கடைக்காரர் சொல்வதில் எது உண்மை, எது உருட்டு என்று நமக்கே தெரியும். அதனால் இங்கே கொஞ்சம் நிற்போம்.

10 இன்ச் மைட்டர் சா சுமை இல்லாமல் ஓடும்போது நிமிடத்துக்கு ஏறக்குறைய 4,500 முதல் 5,000 சுற்று சுற்றும். 4,800 என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 80 சுற்று. பிளேடின் சுற்றளவு கிட்டத்தட்ட 80 சென்டிமீட்டர். ஆக, பல் நுனியின் வேகம் நொடிக்கு 64 மீட்டர், மணிக்கு சுமார் 230 கிலோமீட்டர். வந்தே பாரத்தையே ஓவர்டேக் பண்ணுகிற வேகம். பிளேடில் 40 பல் இருந்தால் நொடிக்கு 3,200 முறை மரத்தைக் கடிக்கிறது. 80 பல் என்றால் 6,400.

மரம் என்பது நீளவாக்கில் ஓடும் நார்களின் கட்டு. வாழைத்தண்டை நினைத்துக்கொள்ளுங்கள். கூரான கத்தி என்றால் வில்லை வில்லையா வரும். மொக்கை கத்தியில் அரிந்தால் நார் அறுபடாமல் இழுபட்டுக்கொண்டே வரும், இல்லையா? அதேதான் இங்கேயும். பல் நுனி கூராக இருந்தால் நாரை அறுக்கும். மழுங்கியிருந்தால் முதலில் வளைக்கும், பிறகு பிய்க்கும். பின்னால் தாங்கிப் பிடிக்க மரம் இருக்கும்வரை நார் தாக்குப்பிடிக்கும். கடைசி ஒரு மில்லிமீட்டரில் தாங்க எதுவும் இல்லை. பிசிறு வருவது அங்கேதான்.

அப்படியென்றால் பல் வெளியேறும் பக்கம்தான் பிசிறு வரும் பக்கம். மைட்டர் சாவில் மேலிருந்து பிளேடை இறக்கும்போது, பற்கள் மேலே நுழைந்து கீழேயும் பின்பக்கம் சாய்மானப் பலகையை ஒட்டியும் வெளியேறுகின்றன. அதனால் வெளியில் தெரியப்போகும் முகம் மேலே, உங்களைப் பார்த்து இருக்க வேண்டும். கையில் பிடித்து ஓட்டும் வட்ட ரம்பத்தில் கதை தலைகீழ். பல் கீழிருந்து மேலே வருவதால் பிசிறு மேல் பக்கம் வரும். மெஷின் மாறினால் மரத்தைத் திருப்பிப் போட வேண்டும் என்ற இந்த ஒரு விஷயத்துக்குப் பைசா செலவில்லை. ஆனால் ஆச்சரியமா இருக்கும், இதைக் கவனிக்காமலே நிறைய மைகா வீணாகிறது.

எத்தனை பல் வேணும்?

மெஷினோடு பெட்டியில் ஒரு பிளேடு வரும். பெரும்பாலும் அது 24-லிருந்து 40 பல் வரை உள்ள பொதுப் பயன்பாட்டு பிளேடு. கட்டுமான மரம், ரீப்பர், சட்டம் என்று வேகமா துண்டு போட அது போதும். அதிலேயே தேக்கு பீடிங்கையும் மைகா ஒட்டிய பட்டையையும் வெட்டும்போதுதான் பிரச்னை.

10 இன்ச் பிளேடுக்கு என் சிபாரிசு இது. வீட்டு வேலைக்கு ஒரே ஒரு பிளேடுதான் வாங்கப் போகிறீர்கள் என்றால் 60 பல். பீடிங், ஸ்கர்ட்டிங், ஃப்ரேம் எல்லாவற்றையும் கௌரவமா வெட்டும். மைகா, வெனீர், எம்.டி.எஃப் அதிகம் என்றால் 80. அலுமினியத்துக்கு 80-லிருந்து 100, ஆனால் அதற்கென்றே செய்த பிளேடாக இருக்க வேண்டும். 12 இன்ச் மெஷின் என்றால் சுற்றளவு பெரிசு, அதனால் இதே தரத்துக்கு 80, 96 என்று எண்ணிக்கை கூடும். “80 பல் போட்டேன், சுமாராத்தான் வருது” என்று யாராவது சொன்னால், முதலில் எந்த சைஸில் 80 என்று கேளுங்கள்.

சரி, அப்போ 100 பல்லே எல்லாவற்றுக்கும் வாங்கிவிட்டால்? கூடாது. பல் நெருங்க நெருங்க நடுவில் இருக்கும் பள்ளம் சின்னதாகும். தூள் வெளியேற அந்தப் பள்ளம்தான் வழி. தடிமனான தேக்குச் சட்டத்தை 100 பல்லில் வெட்டினால் ஒவ்வொரு பல்லும் ரொம்ப மெல்லிசா சுரண்டும். சுரண்டல் என்றால் உராய்வு, உராய்வு என்றால் சூடு. வெட்டிய முகத்தில் பழுப்பு நிறத்தில் கருகல் கோடு விழும். அதைத் தேய்த்து எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

பல் எண்ணிக்கையைவிட முக்கியமான ஒன்று

கடையில் எல்லோரும் கேட்கும் ஒரே கேள்வி “எத்தனை பல்?” அதற்கு அடுத்த இரண்டு கேள்விகளை யாரும் கேட்பதில்லை. பல்லின் வடிவம் என்ன? பல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கு?

வடிவத்தைப் பொறுத்தவரை இரண்டு பெயர் தெரிந்தால் போதும். ஏ.டி.பி. என்று அட்டையில் போட்டிருந்தால், ஒரு பல் இடப்பக்கம் சரிவு, அடுத்தது வலப்பக்கம் சரிவு என்று மாறி மாறி இருக்கும். இரண்டு பக்க விளிம்பையும் கத்தி மாதிரி கீறிக்கொண்டே போகும். மரத்துக்கும் பிளைவுட்டுக்கும் இதுதான். சரிவு இன்னும் செங்குத்தா இருந்தால் ஹை ஏ.டி.பி. என்பார்கள். வெனீரில் வெண்ணெய் மாதிரி வெட்டும், ஆனால் நுனி மெல்லிசு என்பதால் சீக்கிரம் மழுங்கும்.

டி.சி.ஜி. என்பது வேறு ரகம். இரண்டு மூலையும் சீவிய ஒரு பல் நடுவில் ஒரு வாய்க்கால் வெட்டும், அடுத்து வரும் தட்டையான பல் ஓரங்களைச் சுத்தம் செய்யும். கூரான முனை இல்லாததால் மைகா, எம்.டி.எஃப், அலுமினியம் மாதிரி கூரைத் தின்னும் பொருட்களில் நீண்ட நாள் உழைக்கும். உங்கள் வீட்டு வேலையில் மைகாதான் அதிகம் என்றால், ஏ.டி.பி. 80-ஐவிட டி.சி.ஜி. 80 நல்ல முதலீடு.

இரண்டாவது, சாய்வு. ஹூக் ஆங்கிள் என்று சொல்வார்கள். இது வெட்டின் அழகு பற்றியது மட்டுமல்ல, உங்கள் விரல் பற்றியதும்கூட. பல் முன்னோக்கிச் சாய்ந்திருந்தால் பிளஸ், பின்னோக்கிச் சாய்ந்திருந்தால் மைனஸ். மரத்தை நீளவாக்கில் கிழிக்கும் டேபிள் சா பிளேடில் பிளஸ் 20 டிகிரி வரைகூட இருக்கும். மரத்தைக் கொத்திப் பிடித்து உள்ளே இழுக்கிற பல் அது. அங்கே நாம்தான் மரத்தைத் தள்ளுகிறோம் என்பதால் அந்த இழுப்பு உதவி.

மைட்டர் சாவில் மரம் அசையாது, பிளேடுதான் வருகிறது. இங்கே அதே பிளேடைப் போட்டால் அது தானாகவே மரத்துக்குள் பாயப் பார்க்கும், துண்டைத் தூக்கவும் பார்க்கும். தலைப்பகுதி முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடிங் வகையில் இன்னும் மோசம். அதனால் மைட்டர் சாவுக்கு மைனஸ் 5-லிருந்து பிளஸ் 5, 7 டிகிரி வரை இருக்கும் பிளேடுதான் எடுக்க வேண்டும். அலுமினியம் என்றால் மைனஸ்தான், அதோடு கிளாம்ப் கட்டாயம். “ரெண்டும் 10 இன்ச்தானே, எதைப் போட்டா என்ன?” என்று யாராவது டேபிள் சா பிளேடை நீட்டினால் நன்றி சொல்லிவிட்டு வேறு கடைக்குப் போங்கள்.

அட்டையைப் படிக்கக் கத்துக்கலாம்

பிளேடின் மேல் 254 x 2.8/1.8 x 30 Z60 மாதிரி ஒரு வரி அச்சிட்டிருக்கும். வைஃபை பாஸ்வேர்டு மாதிரி இருந்தாலும் விஷயம் சிம்பிள். 254 என்பது வெளி விட்டம் மில்லிமீட்டரில், அதாவது 10 இன்ச். 2.8 என்பது வெட்டும் கோட்டின் அகலம். 1.8 உடல் தகட்டின் தடிமன். 30 நடு ஓட்டை. கடைசியில் இருப்பது பல் எண்ணிக்கை.

வெட்டுக் கோட்டின் அகலம் 3.2 மி.மீ. பக்கம் இருந்தால் முழு அகல பிளேடு. 2.4 பக்கம் என்றால் மெல்லிய பிளேடு. மெல்லியது மரத்தை மிச்சப்படுத்தும், சின்ன மோட்டாருக்கும் சிரமம் இல்லை. ஆனால் தகடும் மெல்லிசு, அழுத்தினால் வளையும். மேலே சொன்ன அரை டிகிரி ஞாபகம் இருக்கா? பவர் உள்ள 10 இன்ச் மெஷின் என்றால் நான் நடுத்தர அல்லது முழு அகலத்தின் பக்கம்தான் நிற்பேன். வாய் பிளந்த மூலையைவிட அரை மில்லிமீட்டர் மரத்தூள் பெரிசில்லை.

நடு ஓட்டையில் கொஞ்சம் கவனம் தேவை. நம் சந்தையில் 25.4-ம் இருக்கு, 30-ம் இருக்கு. மெஷினின் பெயர்த்தகட்டையோ மேனுவலையோ பார்த்துவிட்டுப் போங்கள். 30 ஓட்டை பிளேடை 25.4 தண்டில் பொருத்த வளையம் கிடைக்கிறது. இறுக்கமா, அசையாமல் உட்கார்ந்தால் பரவாயில்லை. டேப் சுற்றி அட்ஜஸ்ட் பண்ணுவதெல்லாம் வேண்டாம். அப்புறம், பிளேடில் எழுதியிருக்கும் அதிகபட்ச ஆர்.பி.எம். உங்கள் மெஷினின் ஆர்.பி.எம்-மைவிட அதிகமா இருக்கணும். அந்த எண்ணே எழுதாத பிளேடு இலவசமா கிடைத்தாலும் வேண்டாம்.

‘விடியா’ தெரியுமா?

பிளேடின் உடல் எஃகு. பல் நுனியில் இருப்பது எஃகு அல்ல, டங்ஸ்டன் கார்பைடு. டி.சி.டி. என்று அட்டையில் போட்டிருப்பது இதைத்தான். டங்ஸ்டன் கார்பைடு துகள்களைக் கோபால்ட்டோடு சேர்த்துச் சூடாக்கிக் கட்டியாக்கும் முறையை 1920-களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஓஸ்ராம் நிறுவனத்தில் கார்ல் ஷ்ரோட்டர் உருவாக்கினார். பிறகு குரூப் நிறுவனம் அதை ‘விடியா’ என்ற பெயரில் விற்றது. ஜெர்மன் மொழியில் ‘வைரம் போல’ என்று அர்த்தம் வரும் சொற்களின் சுருக்கம். நம்ம ஊர் லேத் பட்டறைகளில் ‘விடியா பிட்’ என்று சொல்வது இதைத்தான். விடியா மூஞ்சிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை!

எல்லா கார்பைடும் ஒன்றல்ல. துகள் எவ்வளவு நுண்ணியதோ, அவ்வளவு கூரான நுனி கிடைக்கும், அது நிலைக்கவும் செய்யும். இது கண்ணுக்குத் தெரியாது. தெரிகிற சில அடையாளங்கள் உண்டு.

பல்லின் தடிமனைப் பாருங்கள். நுனியில் நகக்கீறல் அளவுக்கு மட்டும் கார்பைடு இருந்தால், இரண்டு முறை சாணை பிடித்தால் கதை முடிந்தது. நல்ல பிளேடில் அது கனமான துண்டாகத் தெரியும். பல்லும் உடலும் சேரும் பற்றவைப்பு ஒரே சீராக, ஓட்டை, கட்டி எதுவும் இல்லாமல் இருக்கணும். ஒரு பல் பிய்த்துக்கொண்டு 230 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தால் எங்கே போகும் என்று யோசித்துப் பாருங்கள். போன் டார்ச்சை அடித்துப் பல்லின் முகத்தைப் பாருங்கள். கண்ணாடி மாதிரி மின்னினால் நல்லது. கோடு கோடா அரம் தேய்த்த தடம் தெரிந்தால், அந்தக் கோடு உங்கள் மரத்திலும் விழும்.

உடலில் வளைந்து வளைந்து மெல்லிய வெட்டுகள் இருக்கும். அழகுக்கு இல்லை. சூட்டில் தகடு விரியும்போது நெளியாமல் இருக்கவும், சத்தத்தையும் அதிர்வையும் குறைக்கவும் லேசரில் வெட்டியவை. சில மலிவு பிளேடுகளில் வெட்டு இருக்கிற மாதிரி பிரிண்ட் மட்டும் அடித்திருப்பார்கள். விரலை வைத்துத் தடவிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பிராண்ட்? ஃப்ராய்ட், சி.எம்.டி. மாதிரி பிளேடுக்கே பேர் போன கம்பெனிகள் இருக்கு. பாஷ், மகிட்டா, டிவால்ட் மாதிரி மெஷின் கம்பெனிகளும் பிளேடு விற்கின்றன. ஒரே பிராண்டில் அடிமட்டம், நடுத்தரம், உயர்தரம் என்று அடுக்கு இருப்பதால் பெயரை மட்டும் பார்த்து வாங்குவதில் அர்த்தமில்லை. 10 இன்ச் பிளேடு சில நூறு ரூபாய்க்கும் கிடைக்கிறது, ஐயாயிரத்தைத் தாண்டியும் கிடைக்கிறது. தினமும் வெட்டாத ஆளுக்கு நடு அடுக்கே போதும். ஆன்லைனில் நம்ப முடியாத தள்ளுபடியில் பெரிய பெயர் தெரிந்தால் விற்பனையாளர் யார் என்று பாருங்கள், போலிகள் இருக்கு. பாரிமுனை பக்கம் இருக்கும் டூல்ஸ் கடைகளில் கையில் எடுத்துப் பார்த்து வாங்கும் வசதியை நான் இன்னும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நல்ல பிளேடும் மொக்கையாகும்

தேக்கு வெட்டும்போது மென்மையா இருக்கும். ஆனால் அதற்குள் சிலிக்கா இருக்கு, அதாவது மணலின் மூலப்பொருள். பிளைவுட்டின் ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவில் இருக்கும் காய்ந்த பசையும் கூரைத் தின்னும். பிளேடு மழுங்குவது திடீரென்று நடக்காது. முதலில் சத்தம் மாறும். அப்புறம் கைக்கு அழுத்தம் கூடும். பிறகு கருகல் வாசனை.

ஆனால் உடனே தூக்கிப்போட வேண்டாம். பாதி நேரம் அது மழுங்கல் இல்லை, பிசின். மரப்பிசினும் பசையும் சூட்டில் உருகிப் பல்லின் பக்கங்களில் கருப்பா ஒட்டிக்கொள்ளும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிளேடைக் கழற்றி, பிசின் நீக்கும் திரவத்திலோ சோப்புக் கரைசலிலோ கொஞ்ச நேரம் ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷில் தேய்த்து, நன்றாகத் துடைத்துக் காயவைத்தால் பிளேடு புதுசு மாதிரி வெட்டும். திரும்ப மாட்டும்போது அதை இறுக்கிப் பிடிக்கும் இரண்டு பக்க வாஷரையும் துடையுங்கள். நடுவில் ஒட்டியிருக்கும் ஒரு துளி பிசின், விளிம்புக்குப் போகும்போது நாலு மடங்கு ஆட்டமா பெருகும். போல்ட் பல மெஷின்களில் இடது மரை, கழற்றும்போது முரட்டுத்தனமா திருகாதீங்க.

அதற்கும் சரிவராவிட்டால் சாணை. நல்ல கார்பைடு பிளேடைப் பல தடவை தீட்டலாம். அதற்கென மெஷின் வைத்திருக்கும் இடத்தில் கொடுங்கள். கையில் கிரைண்டரைப் பிடித்துத் தீட்டினால் பல்லுக்குப் பல் உயரம் மாறும், அப்புறம் பாதி பல்தான் வேலை செய்யும்.

வெட்டும் முறைக்கு மூன்றே வரி. முழு வேகம் பிடித்த பிறகு இறக்குங்கள். மெதுவா இறக்குங்கள். பிளேடு முழுசா நின்ற பிறகு தூக்குங்கள். பலர் சறுக்குவது மூன்றாவதில். சுற்றிக்கொண்டே மேலே வரும் பிளேடு, அழகா வெட்டிய முகத்தை ஒரு உரசு உரசிவிட்டு வரும். மாஸ்க் போடுங்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. பல் கூடக் கூட தூள் நுண்ணியதாகும்.

சரி, இதற்கு யார் காசு கொடுப்பது?

இதுவரை படித்தது சொந்தமா மெஷின் வைத்திருப்பவர்களுக்கு. ஆனால் நம்மில் பெரும்பாலானோர் மெஷின் வாங்கப்போவதில்லை. கார்பென்டரைக் கூப்பிடப்போகிறோம். அங்கே இந்தக் கேள்வியின் நிறம் மாறுகிறது.

லேபர் கான்ட்ராக்ட் எப்படிப் போடுவோம்? சதுர அடிக்கு இவ்வளவு. பிளைவுட், மைகா, ஃபெவிகால், கீல், சேனல் எல்லாம் நாம் வாங்கித் தருவோம். மெஷினும் பிளேடும் அவருடையது. ஒரு நல்ல மைகா ஷீட்டே ஆயிரம் ரூபாயைத் தாண்டும், பத்து இருபது ஷீட் வாங்குகிறோம். அதை வெட்டப்போகும் பிளேடு மட்டும் கொட்டேஷனில் எங்குமே இருக்காது. ரேட்டைச் சதுர அடிக்கு ஐந்து ரூபாய் குறைக்கும்வரை பேரம் பேசுகிறோம். அந்த ஐந்து ரூபாய் அவருடைய சாப்பாட்டிலிருந்து குறையாது, பிளேடிலிருந்துதான் குறையும். 60 பல் போட வேண்டிய இடத்தில் பழைய 40 ஓடும். மாற்ற வேண்டிய நாளுக்கு அப்புறமும் இரண்டு சைட் ஓடும். பிசிறு வந்ததும் “ஃபினிஷிங் சரியில்ல” என்று கடைசித் தவணையில் கை வைக்கிறோம்.

நஷ்டம் ஃபினிஷிங்கோடு நின்றால் பரவாயில்லை. மழுங்கிய பிளேடுக்கு அழுத்தம் அதிகம் தேவை. அழுத்தும்போது கை நழுவும், துண்டு துள்ளும். மைட்டர் சாவே இல்லாத சைட்டுகளில் இன்னும் மோசம். டைல்ஸ் வெட்டுவதற்கான மார்பிள் கட்டரில் 110 மி.மீ. மர பிளேடை மாட்டி எல்லா வேலையும் அதிலேயே நடக்கும். அதுகூடப் பரவாயில்லை, அடியில் ஒரு தட்டாவது இருக்கு. காவல் தகட்டைக் கழற்றிவிட்டு ஆங்கிள் கிரைண்டரில் மர பிளேடு போடுவதைப் பார்த்திருப்பீர்கள். நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல், கைக்கும் பல்லுக்கும் நடுவில் எதுவுமே இல்லாமல். உங்கள் வீட்டில் அது நடந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். நிறுத்தச் சொல்லும்போது, சரியான மெஷினுக்கு ஆகும் வாடகையைத் தரவும் தயாரா இருங்கள்.

இதற்கு எதிர்வாதம் உண்டு. “நல்ல கார்பென்டர் எந்த பிளேடிலும் நல்லா வெட்டுவார்.” பாதி உண்மை. முதலில் கட்டர் கத்தியால் கோடு கீறி, மாஸ்கிங் டேப் ஒட்டி, அடியில் ஒரு வேஸ்ட் பலகை வைத்து, சுமாரான பிளேடிலேயே அசத்தும் ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு வெட்டுக்கும் அதற்குக் கூடுதலா சில நிமிடம் ஆகும், சதுர அடி ரேட்டில் அந்த நிமிடத்துக்குக் கூலி இல்லை. தொழிற்சாலையில் செய்த மாடுலர் கிச்சனைக் காட்டி “அது மாதிரி விளிம்பு வேணும்” என்று கேட்பதும் நியாயமில்லை. அங்கே இருக்கும் பேனல் சாவில் பெரிய பிளேடுக்கு முன்னால் ஒரு குட்டி பிளேடு எதிர்த்திசையில் சுற்றி, அடிப்பக்க மைகாவை முதலிலேயே கீறிவிடும். பிசிறு வர வாய்ப்பே தராத ஏற்பாடு அது. சைட்டில் அது கிடையாது.

“நான் வாங்கிக் கொடுத்த பிளேடை அடுத்த சைட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுவாரே?” போகட்டுமே! வீட்டில் மைட்டர் சா இல்லாமல் அந்த பிளேடை வைத்து நாம் என்ன செய்யப்போகிறோம், சுவர்க்கடிகாரமா? வீணாகும் ஒன்றிரண்டு மைகா ஷீட்டின் விலைதான் அது.

ஆகவே அடுத்த முறை கொட்டேஷன் வரும்போது, கீல், சேனல், ஸ்க்ரூவுக்குக் கீழே ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: “10 இன்ச் பிளேடு, 80 பல், டி.சி.ஜி., புதுசு - 1. வீட்டுக்காரர் செலவு.” மெஷினின் ஓட்டை 25.4-ஆ 30-ஆ என்று மட்டும் அண்ணனிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.